டாக் வாங்கக் காசு சேர்க்கும் தம்பிமாருக்கு

 

இது கொஞ்சம் நீளமான பதிவு. காசு சம்பந்தப்பட்ட விசயம் என்பதால் கடைசி வரை வாசியுங்கள்.

கட்டாரிலிருந்து லீவில் வந்த நம்ம தம்பி ஒருவர் உயர்தர டாக் பெட்டி ஒன்று கொண்டுவந்தது பலருக்குத் தெரியும். ஒரு பாடப்புத்தகத்தின் அளவுதான் இருக்கும். நம்ம காசுக்கு மூன்று லட்சத்துக்கு மேல். "சேர், நான் திரும்பிப் போகும் வரைக்கும் உங்களிடம் இருக்கட்டும். நீங்கள் எல்லாரும் கேட்டுப் பார்த்துச் சொல்லுங்கள்" என்று தந்துவிட்டுப் போனார். நாங்கள் நாலு பேர் சேர்ந்தோம். பாடசாலையில் படிப்பிக்கிற இரண்டு பேர், வயரிங் வேலை செய்கிற ஒருவர், கலியாண வீட்டுக்கும் கோயில் திருவிழாவுக்கும் ஸ்பீக்கர் கட்டுகிற ஒருவர். இஷாவுக்குப் பிறகு வீதியில் சத்தம் அடங்கியதும் உட்கார்ந்து விடுவோம். ஒரு மாதம் கேட்டோம்.

இதைக் கேள்விப்பட்டு இரண்டு தம்பிமார் வந்தார்கள். சீட்டு எடுத்து இதே மாதிரி ஒன்று வாங்கப் போகிறார்களாம். வாங்குவதற்கு முன்னால் எங்களுக்குத் தெரிந்ததைச் சொல்வது எங்கள் கடமை. அதற்காகத்தான் இந்தப் பதிவு.

டாக் என்பது எண்களாக இருக்கும் பாட்டை மின்சார அலையாக மாற்றும் கருவி. உங்கள் போனுக்குள், டீவிக்குள், காதில் செருகும் புளூடூத் இயர்போனுக்குள் எல்லாம் ஒவ்வொன்று இருக்கிறது. தனிப் பெட்டியாக விற்பது அதே வேலையைக் கூடுதல் கவனத்தோடு செய்வதற்கு.

1982 ஒக்டோபரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த சீ.டீ.யை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு செக்கனுக்கும் 44,100 தடவை ஒலி அலையின் உயரத்தை அளந்து, ஒவ்வொரு அளவையும் 65,536 மட்டங்களில் ஒன்றாக அதில் எழுதியிருப்பார்கள். இதைத்தான் 16 பிட் என்கிறார்கள். "அப்படியானால் இரண்டு அளவுக்கும் இடையில் இருப்பது தொலைந்துபோகுமே, ஒலி படிக்கட்டு மாதிரி வருமே" என்று பலர் கேட்பார்கள். வராது. 1949இல் கிளோட் ஷனன் என்ற அமெரிக்கக் கணிதவியலாளர் இதைத் தெளிவாக நிறுவியிருக்கிறார். ஒலியில் உள்ள மிக உயர்ந்த அதிர்வெண்ணின் இரண்டு மடங்குக்கு மேலான வேகத்தில் அளந்துவிட்டால், அந்த எல்லைக்குள் நின்றுகொண்டு அத்தனை புள்ளிகளையும் தொட்டுப் போகக்கூடிய அலை ஒன்றே ஒன்றுதான். மனிதக் காதுக்குக் கேட்பது ஏறத்தாழ 20,000 ஹேர்ட்ஸ் வரை. வயது போகப் போக அதுவும் இறங்கும். எங்களைப் போன்ற ஐம்பது தாண்டியவர்களுக்கு 14,000க்கு மேல் கேட்டாலே பெரிய விசயம்.

நல்ல டாக் ஒன்று அந்த ஒரே அலையை அப்படியே வரைந்து கொடுக்கும். அதற்குச் சொந்தமாகச் சேர்க்க எதுவும் இல்லை. சேர்த்தால் அது பழுது. இதை விளங்கிக்கொண்டால் மீதி எல்லாம் லேசு. பெட்டிக்குள் என்ன போகிறது, பெட்டியிலிருந்து வெளியே வந்தது காதுக்கு எப்படி வந்து சேர்கிறது, இந்த இரண்டையும் சரிசெய்தால் போதும். இரண்டிலும் பெரும்பகுதிக்குக் காசு தேவையில்லை.

முதலில் உள்ளே போவதைப் பார்ப்போம். நாகூர் ஹனிபாவின் பாட்டு ஒன்றை யூடியூப்பில் தேடினால் பத்துப் பிரதி வரும். ஒருவர் கசெட்டிலிருந்து எடுத்திருப்பார், இன்னொருவர் அதை எம்.பீ.3 ஆக்கியிருப்பார், மூன்றாமவர் அதை இறக்கி எக்கோ போட்டுத் திரும்ப ஏற்றியிருப்பார். ஒவ்வொரு தடவை சுருக்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக ஒலி கழிந்துபோகும். கழிந்ததை எந்த டாக்கும் திருப்பித் தராது. மூன்று லட்சத்துப் பெட்டியில் அந்தப் பிரதியைப் போட்டபோது கேட்டது என்ன தெரியுமா? கசெட்டின் இரைச்சல் இன்னும் துலக்கமாகக் கேட்டது. அதே பாட்டின் பழைய சீ.டீ. ஒன்றை ஒருவரிடம் வாங்கி, ஃபிளாக் கோப்பாக மாற்றி, சாதாரண லப்டொப்பில் கேட்டோம். ஒரு மாதத்தில் நாங்கள் கேட்ட மிகப் பெரிய வித்தியாசம் அதுதான். ஃபிளாக் என்பது எதையும் கழிக்காமல் இடத்தை மட்டும் சுருக்கும் முறை. விரித்தால் சீ.டீ.யில் இருந்த எண்கள் ஒன்றுகூட மாறாமல் வரும்.

அடுத்தது, அந்த எண்கள் வழியில் மாறாமல் பெட்டிக்குப் போய்ச் சேர வேண்டும். புளூடூத்தால் அனுப்பினால் திரும்பவும் ஒரு சுருக்கல் நடக்கும், அதனால் யூ.எஸ்.பீ. வயரில் இணையுங்கள். அண்ட்ரொய்ட் போன் வழமையாக எல்லாப் பாட்டையும் 48,000 என்ற வேகத்துக்கு மாற்றித்தான் வெளியே விடும். விண்டோஸும் தனக்குக் கொடுத்திருக்கும் ஒரே வேகத்துக்கு எல்லாவற்றையும் மாற்றி, வட்ஸ்அப் மணிச் சத்தத்தையும் அதோடு கலந்து அனுப்பும். ஃபூபார்2000 போன்ற இலவசச் செயலியில் 'எக்ஸ்குளூசிவ்' என்ற முறையைத் தெரிவுசெய்தால் இந்தக் கலப்படம் நின்றுவிடும். கொம்பியூட்டரின் சத்தத்தை முழுதாக வைத்துவிட்டு அம்ப்பில் கூட்டிக் குறையுங்கள். பாட்டில் உச்சங்கள் கரகரத்தால் கொம்பியூட்டரில் 3 டெசிபல் மட்டும் குறைத்துப் பாருங்கள். இப்போது வரும் பாட்டுகளைச் சத்தம் கூட்டிக் கூட்டிக் கூரையில் முட்டவிட்டிருக்கிறார்கள். அலையைத் திருப்பி வரையும்போது அது கூரைக்கு மேலேயும் எழும். கொஞ்சம் இடம் விட்டால் அந்தக் கரகரப்பு அடங்கும்.

யூ.எஸ்.பீ. வயர் பற்றியும் கேட்டார்கள். வெள்ளி பூசிய வயர் என்று ஐம்பதாயிரத்துக்கும் விற்கிறார்கள். இப்போதுள்ள டாக்குகள் தங்கள் சொந்த மணிக்கூட்டை வைத்துக்கொண்டு, கொம்பியூட்டரிடம் "இப்போது கொடு, இப்போது நிறுத்து" என்று கேட்டு வாங்குபவை. நேரத்தை வயர் தீர்மானிப்பதில்லை. ஒரு மீற்றருக்குள் இருக்கும் ஒழுங்கான சாதாரண வயர் போதும்.

மூன்றாவது விசயம் கரண்ட். எங்களுக்கு முதல் வாரம் முழுக்க ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று ஒரு இரைச்சல். அது 50 ஹேர்ட்ஸ் கரண்டின் சத்தம். பெட்டி பழுது என்று ஒருவர் சொன்னார். வயரிங் நானா லப்டொப்பின் சார்ஜரைக் கழற்றினார், இரைச்சல் நின்றுவிட்டது. அம்ப் ஒரு சுவரிலும் லப்டொப் இன்னொரு சுவரிலும் செருகியிருந்ததால் எர்த் வயர்கள் ஒரு வளையமாகி, அதற்குள் கரண்ட் ஓடியிருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே மல்டி சொக்கெட்டுக்கு மாற்றினோம், முக்கால்வாசி அடங்கியது. யூ.எஸ்.பீ.க்குப் பதிலாக ஒப்டிக்கல் வயர் போட்டதும் முழுதாக நின்றது. அந்த வயரில் போவது வெளிச்சம், கரண்ட் இல்லை, அதனால் வளையம் அறுந்துவிடுகிறது.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். இரைச்சலை நிறுத்த எர்த் பின்னை வெட்டிவிடுங்கள் என்று சிலர் சொல்லித் தருகிறார்கள். செய்யாதீர்கள். அது உயிரைக் காப்பாற்றும் வயர். நம்ம பக்கம் மணல் நிலம். வெயில் காலத்தில் மணல் காய்ந்தால் எர்த் கம்பி சரியாக வேலை செய்யாது. டாக் வாங்குவதற்கு முன்னால் ஒரு எலெக்ட்ரீசியனைக் கூப்பிட்டு வீட்டு எர்த்தைச் சோதியுங்கள். இது பாட்டுக்காக மட்டுமல்ல, பிள்ளைகளுக்காகவும்.

கடற்காற்றையும் மறக்க வேண்டாம். களப்புக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிறோம். சைக்கிள் செயினைத் தின்னும் உப்பு, அம்ப்பின் பின்னால் உள்ள ஜாக்குகளை விட்டுவைக்குமா? பச்சை படிந்த ஜாக்கில் ஒரு பக்கம் பாடும், ஒரு பக்கம் இருமும். ஐசோபுரொப்பைல் அல்ககோலைப் பஞ்சில் தொட்டுத் துடைத்து, மாதத்துக்கு ஒரு தடவை கழற்றிச் செருகினால் போதும். அம்ப்பை நிறுத்தியபிறகு செய்யுங்கள்.

இனி வெளியே வருவதைப் பார்ப்போம். இங்கேதான் பெரும்பாலான ஒலி கெட்டுப்போகிறது. நல்ல டாக் ஒன்றின் சிதைவு ஒரு வீதத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே. ஸ்பீக்கர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அடித்தளச் சத்தத்தில் ஒரு வீதத்தைச் சாதாரணமாகத் தாண்டும். கிட்டத்தட்ட ஆயிரம் மடங்கு வித்தியாசம். அதற்கு மேலே அறை. நம்ம வீடுகளில் சீமெந்துச் சுவர், டைல்ஸ் தரை, மேலே ஷீட் கூரை. அறையின் நடுவில் நின்று ஒரு தடவை கை தட்டுங்கள். 'ட்ரிங்' என்று திரும்பி வருகிறதா? ஒவ்வொரு சொல்லின் வாலிலும் அது ஒட்டிக்கொள்கிறது.

நாங்கள் செய்தது இவ்வளவுதான். தரையில் இரண்டு பாய் விரித்தோம். ஸ்பீக்கருக்கு எதிர்ச்சுவரில் தடித்த திரை தொங்கவிட்டோம். புத்தக அலுமாரியைப் பக்கச் சுவருக்கு மாற்றினோம். ஸ்பீக்கர்களை மூலையிலிருந்து இழுத்து இரண்டு அடி முன்னால் வைத்தோம். இரண்டு ஸ்பீக்கருக்கும் இடையில் உள்ள தூரமும் ஒவ்வொன்றுக்கும் நமக்கும் உள்ள தூரமும் சமமாக இருக்க வேண்டும். சின்னக் கூம்பு காதின் உயரத்துக்கு வர வேண்டும். அதற்கு இரண்டு கொங்கிரீட் கல் போதுமாக இருந்தது. பதினொரு அடி நீளமான அறையில் 50 ஹேர்ட்ஸ் பக்கம் ஒரு அலை இரண்டு சுவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு ஆடும். சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தால் காது அடைக்கும் அளவுக்கு இடிக்கும், அறையின் சரிநடுவில் கேட்கவே கேட்காது. கதிரையை ஓரடி முன்னே பின்னே நகர்த்திப் பாருங்கள். வேறு ஸ்பீக்கர் வாங்கிய மாதிரி இருக்கும்.

ஃபேனையும் கணக்கில் எடுங்கள். ஃபேன் சுற்றும் அறையில் ஏறத்தாழ 40 டெசிபல் சத்தம் எப்போதும் இருக்கும். சீ.டீ.யே 96 டெசிபல் இடைவெளியைத் தாங்கும், நல்ல டாக் 120ஐத் தாண்டும். அந்த மெல்லிய பகுதியெல்லாம் ஃபேன் காற்றிலேயே போய்விடும். இரவு பத்து மணிக்குப் பிறகு, நிலாவெளி வீதியில் வாகனம் குறைந்தபிறகு, ஃபேனை அரை மணித்தியாலம் நிறுத்திக் கேட்டுப் பாருங்கள்.

இதெல்லாம் செய்து முடித்தபிறகுதான் பெட்டியைச் சோதித்தோம். ஆப்பிள் கொம்பனி அமெரிக்காவில் 9 டொலருக்கு விற்கும் சின்ன ஹெட்போன் அடாப்டர் ஒன்று இருக்கிறது. அதற்குள் இருப்பதும் ஒரு டாக்தான். அதை ஒரு பக்கமும் மூன்று லட்சத்துப் பெட்டியை மறுபக்கமும் வைத்தோம். ஒப்பிடும்போது முக்கியமான நிபந்தனை, இரண்டின் சத்தமும் சமமாக இருப்பது. மயிரிழை சத்தம் கூடினாலும் நம்ம மூளை அதை "நல்ல ஒலி" என்றுதான் சொல்லும். கடைக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். 100 ஹேர்ட்ஸ் ஒலி ஒன்றை ஓடவிட்டு, மல்ட்டிமீற்றரால் வோல்ட் அளந்து, இரண்டையும் நூற்றில் ஒரு பங்குக்குள் சமப்படுத்தினோம். பிறகு ஒருவர் திரைக்குப் பின்னால் நின்று மாற்றினார், மற்றவர்கள் கண்ணை மூடிக்கொண்டு தாளில் எழுதினார்கள். தரம் 11 படிக்கும் பிள்ளைகள் மூன்று பேரும் இருந்தார்கள், அவர்களுடைய காது எங்களுடையதை விடக் கூர்மை.

ஒருவராலும் தொடர்ந்து சரியாகச் சொல்ல முடியவில்லை.

அதற்காகப் பெரிய பெட்டி வீண் என்று நாங்கள் சொல்லவில்லை. அதற்கு நியாயமான வேலைகள் இருக்கின்றன. கடினமான பெரிய ஹெட்போனைத் திணறாமல் ஓட்டும். சின்ன அடாப்டர் அண்ட்ரொய்ட் போனில் அந்த அளவுக்குச் சத்தம் தராது. நீளமான வயர் இழுக்க வேண்டிய மண்டபத்தில் சமநிலை இணைப்பால் 4 வோல்ட் அனுப்பும், வழியில் இரைச்சல் ஏறாது. டீவி, கொம்பியூட்டர், சீ.டீ. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கட்டலாம். கையால் செய்த நல்ல பொருளைத் தொடும் சந்தோசமும் இருக்கிறது, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டோம். வசதி உள்ளவர் வாங்கட்டும். சீட்டு எடுத்து, கடன்பட்டு வாங்குகிறவர் மட்டும் ஒரு தடவை யோசிக்கட்டும்.

கேட்க நம்மிடம் என்ன இருக்கிறது என்பதையும் யோசிக்க வேண்டும்.

நம்ம ஊர்க்காரர்களுக்கு ஒலியின் அருமை யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. நிலாவெளிப் பக்கம் ஜேர்மனியின் டொய்ச்ச வெல்ல வானொலி சிற்றலை அஞ்சல் நிலையம் வைத்திருந்தது. 2013இல் அது இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்திடம் வந்தது. யுத்த காலத்தில் மண்ணெண்ணெய் விளக்கைத் தணித்துவிட்டு, ரேடியோவைக் காதோடு ஒட்டி பீபீசி தமிழோசை கேட்ட தலைமுறை இது. சிற்றலையில் 5,000 ஹேர்ட்ஸுக்கு மேல் ஒன்றும் பெரிதாக வராது. அலை ஏறும், இறங்கும், நடுவில் விசிலடிக்கும். ஆனாலும் ஒரு சொல் தவறவிட மாட்டார்கள். அந்தச் சொல்லில் அவர்களுடைய உயிர் இருந்தது.

அதே மாதிரி இன்னொன்று. 1980களில் சவூதிக்கும் குவைத்துக்கும் போனவர்கள் கடிதத்துக்குப் பதிலாகக் கசெட்டில் பேசி அனுப்புவார்கள். இங்கிருந்து உம்மாவும் பிள்ளைகளும் பேசித் திருப்பி அனுப்புவார்கள். 1990இல் இடம்பெயர்ந்தபோது பல வீடுகளில் அவை போயின. 2004 டிசம்பர் 26இல் கடல் இன்னும் கொஞ்சத்தைக் கொண்டுபோனது. மிஞ்சியவை பிஸ்கட் டின்னிலும் அலுமாரி மேல்தட்டிலும் கிடக்கின்றன. ஈரக்காற்றில் நாடாவில் பூஞ்சணம் பிடிக்கிறது, உள்ளே இருக்கும் சின்னக் கம்பளித் துண்டு கழன்று விழுகிறது. மௌத்தான ஒருவரின் குரல் உலகத்தில் அந்த ஒரு நாடாவில் மட்டும் இருக்கலாம். அந்தக் குரலுக்கு மேல் எந்த உயர்தர ஒலி இருக்கிறது?

டாக்கால் இதைக் காப்பாற்ற முடியாது. டாக் எண்ணிலிருந்து ஒலிக்குப் போகும் கருவி. நமக்குத் தேவையானது ஒலியிலிருந்து எண்ணுக்கு வரும் கருவி, அதன் மறுபக்கம். பாட்டுப் பதிவு செய்கிற பிள்ளைகள் வைத்திருக்கும் சின்ன ஒலிப்பதிவு இன்டர்பேஸ் போதும். அது அந்த மூன்று லட்சத்தில் ஒரு சிறு பங்குதான். மீதிக்குக் கைவேலை. பிளேயரின் ஹெட்டை அல்ககோலால் துடைக்க வேண்டும். ஹெட்டின் பக்கத்தில் உள்ள சின்ன ஸ்குரூவை மெதுவாகத் திருப்பி, 'ஸ', 'ச' ஒலிகள் ஆகக் கூர்மையாகக் கேட்கும் இடத்தில் நிறுத்த வேண்டும். பதிந்த மெஷினின் சாய்வும் நம்ம மெஷினின் சாய்வும் ஒன்றாகாவிட்டால் குரல் போர்வைக்குள் இருந்து பேசுகிற மாதிரி இருக்கும். ஒலி ஆவணக் காப்பகங்களின் சர்வதேசச் சங்கம் 24 பிட், குறைந்தது 48,000 வேகம் என்று பரிந்துரைக்கிறது. அப்படியே பதியுங்கள். உச்சம் கூரையில் முட்டாமல் 12 டெசிபல் இடம் விடுங்கள். இரைச்சலை நீக்குவதைப் பிரதியில் செய்யுங்கள், மூலத்தைத் தொட வேண்டாம். எம்.பீ.3 ஆகச் சுருக்கியதை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு வீட்டில் இரண்டு பிரதி இருக்கட்டும். பொதுவில் விடக்கூடிய பழைய பயான், நாட்டார் பாட்டு, மேடைப் பேச்சு இருந்தால் நூலகம் நிறுவனத்தின் ஆவணகத்துக்குக் கொடுக்கலாம். குடும்பப் பேச்சு குடும்பத்தோடு இருக்கட்டும்.

ஆகவே தம்பிமாரே, செலவு செய்யும் வரிசையை எங்களுக்குத் தெரிந்தபடி சொல்கிறோம். முதலில் வீட்டு எர்த். பிறகு பாய், திரை, ஸ்பீக்கரின் இடம். பிறகு நல்ல பிரதி. அதன்பிறகு காசு இருந்தால் ஸ்பீக்கர் அல்லது ஹெட்போன். டாக் எல்லாவற்றுக்கும் கடைசி. அதுவும் பத்தாயிரம், இருபதாயிரத்துக்குள் கிடைக்கும் ஒழுங்கான ஒன்று உங்கள் காதுக்குத் தாராளம்.

வந்த இரண்டு தம்பிமாரில் ஒருவர் சீட்டை எடுக்காமல் விட்டுவிட்டார். மற்றவர் இன்னும் யோசிக்கிறார். அவருடைய காசு, அவருடைய முடிவு. அவருடைய வீட்டில் ஒரு டின் கசெட் இருப்பது மட்டும் எங்களுக்குத் தெரியும், அவருடைய பெரியம்மா சொன்னார்.

சனிக்கிழமை பின்னேரங்களில் நாங்கள் இருப்போம். பழைய கசெட் உள்ளவர்கள் கொண்டுவாருங்கள், காசு வேண்டாம், ஒரு பென்டிரைவ் போதும். அதற்கு முன்னால் வீட்டில் போட்டுப் பார்க்காதீர்கள். நாடா பழையது, சாதாரண பிளேயர் தின்றுவிட்டால் திரும்ப எடுக்க முடியாது. இயங்குகிற நல்ல கசெட் பிளேயர் யாரிடமாவது இருந்தால் கீழே எழுதுங்கள். எங்களிடம் இருப்பது ஒன்று, அதற்கும் பெல்ட் தளர்ந்துவிட்டது.

வஸ்ஸலாம்.